அடைப்புக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி

அடைப்புக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட வேண்டும் என்று சுகவனம் எழுதியிருந்தார்.

அவ்வளவுதான்.

அவள் திரையை மேலே தள்ளிப் பார்த்தாள். கீழே தள்ளிப் பார்த்தாள். அவள் கண்டுபிடித்த பிழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ரத்தம் தேவைப்படுகிறவர்களையும் கொடுக்க முன்வருகிறவர்களையும் சேர்த்துவைக்கிற செயலி அது. கோரிக்கைகள் வரிசையில் எண்களாக நிற்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய விவரம் அட்டவணையில் ஓர் அறைக்குள் இருக்கும். எப்போதாவது இரண்டு பேருக்கு ஒரே அறை விழுந்துவிடும். அப்போது பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

அழிந்தவருக்கு அது தெரியாது. வரிசையில் நிற்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

தடுக்கச் செயலியின் நிரலில் சில வரிகள் போதும். எழுதினாள். சோதித்துப் பார்த்தாள். சுகவனத்துக்கு அனுப்பினாள். குழுவில் மூத்தவர் அவர். அவர் ஒப்புதல் இல்லாமல் ஓர் எழுத்துகூட வெளியே போகாது.

பெயர்களெல்லாம் சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும் என்றார்.

மாற்றினாள்.

வரி நீளமாக இருக்கிறது என்றார்.

மடித்தாள்.

இந்தக் கோப்பைத் தொட்டாயிற்று, அப்படியே முழுவதையும் ஒழுங்குபண்ணிவிடு, வரிசைக் கோப்பையும் சேர்த்துப் பண்ணிவிடு என்றார்.

யாரோ என்றைக்கோ எழுதிவிட்டுப் போன நிரல். அதில் உட்கார்ந்து வெற்று வரிகளை நீக்கினாள். ஓரங்களை நேராக்கினாள். சீழ் வைத்த காலுக்கு மருதாணி இட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் இருக்கைக்கே போனாள். இது அவசரம் என்றாள்.

“அவசரம்னா அசிங்கமா எழுதலாமாம்மா?”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள்.

அவர் எழுதுவது அழகாகத்தான் இருக்கும். அதை அவள் மறுத்ததில்லை. அதனாலேயே இன்னும் எரிந்தது. அழகு தெரிந்த மனிதருக்கு ஆள் காணாமல் போவது தெரியாதா?

இப்போது, இடைவெளி.

விரலால் ஒரு தட்டு. விட்டாள். அனுப்பினாள்.

உதவி எண்ணில் பேசும் ரஹ்மத் அப்போதுதான் எழுந்து வந்தாள். போனின் வாயை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

“அக்கா, தர்மபுரியிலேர்ந்து ஒருத்தர். காலையிலயே பதிஞ்சாராம். ஒருத்தரும் கூப்பிடலையாம். பேரைப் போட்டுத் தேடினா வரவே மாட்டேங்குது.”

அவள் தேடினாள்.

வரிசையில் எண் இருந்தது.

அந்த எண்ணுக்குரிய அறையில், நாகர்கோவிலைச் சேர்ந்த எவரோ ஒரு பெண்மணி இருந்தார்.

 

போனை வாங்கினாள். பிரசவத்துக்குச் சேர்த்த மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். அரிதான வகையாம். ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லையாம். ஒவ்வொன்றாக நிதானமாகத்தான் சொன்னார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டார்.

“லிஸ்ட்ல நான் இருக்கேன்ல மேடம்? எத்தனையாவது ஆளுன்னு மட்டும் சொல்லுங்க. காத்திருக்கேன்.”

காத்திருக்கிறாராம்.

யாரையும் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்பதுபோல.

ரத்த வகையையும் ஆஸ்பத்திரியையும் ரஹ்மத்திடம் சொன்னாள். தர்மபுரிப் பக்கத்தில் அந்த வகைக்காரர் யார் யாரோ, எல்லாரையும் நீயே கூப்பிடு என்றாள். அந்த மனிதரை லைனில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனோடு நடந்தாள்.

சுகவனம் அவள் நிரலைத்தான் திறந்துவைத்திருந்தார். தலையை நிமிர்த்தாமல் திரையை நோக்கி விரல் நீட்டினார். கடைசி வரியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

அவள் போனை அவர் கையில் வைத்தாள்.

“நம்ம அட்டவணையில அழிஞ்சுபோன ஆளு சார் இவரு. எதனாலன்னு அவருகிட்ட நீங்களே சொல்லுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் காதில் வைத்தார்.

அந்தக் குரல் வெளியே கேட்டது. அதே கேள்வி. அதே பணிவு.

சுகவனம் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது.

“இருக்கீங்க,” என்றார். தொண்டையைச் செருமினார். “லிஸ்ட்லதான் இருக்கீங்க.”

அவள் அசையவில்லை.

அவருடைய இன்னொரு கை மேசைமேல் சுட்டியைத் துழாவி அழுத்தியது. திரையில் ஒப்புதல் பச்சையாக விழுந்தது. கடைசி வரி இருந்தபடியே இருந்தது.

தூரத்திலிருந்து ரஹ்மத் எம்பிக் கத்தினாள். ஒருவர் பாலக்கோட்டிலிருந்து கிளம்பிவிட்டாராம். வண்டியை எடுத்துவிட்டாராம்.

சுகவனத்தின் முகம் இளகியது. நல்ல சேதி. இதை நீயே சொல்லிவிடு என்பதுபோலப் போனை அவளிடம் நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை.

“அதை ரஹ்மத் சொல்லுவா சார். நீங்க சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கு.”

எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

போனுக்குள் அந்த மனிதர் ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தார்.

சுகவனம் அதை மெல்ல மறுபடியும் காதுக்குக் கொண்டுபோனார்.