கரடியைக் கூப்பிடும் விதி

பகடையில் இரண்டு விழுந்தது.

இருபது முகம் உள்ள பகடை. பதினொன்றுக்குக் குறைந்தால் போச்சு. ஸ்டெல்லா குனிந்து பார்த்தாள். இரண்டேதான்.

“மூணாவது தடவ,” என்றார் இமானுவேல். அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

இருக்காதா பின்னே? ஆறு மாசமாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவள் அல்லவா அவள்.

மலைமேல் செம்மேட்டில் நர்ஸ் ஸ்டெல்லாவின் குவார்ட்டர்ஸ். வெளியே பிடிவாதமாகப் பெய்யும் மத்தியான மழை. மேசை மேல் காகிதத்தில் வரைந்த காடு. அதற்குள் புளியங்கொட்டைகளும் சட்டைப் பொத்தான்களும் ஆட்களாக நின்றன.

பகடை உருட்டிப் பேசிப் பேசியே கதை நடத்தும் விளையாட்டு இது. நடத்துகிறவர் இமானுவேல், ஸ்டெல்லா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன். காலேஜ் ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஆட்டத்தை, மலைக்கு மாற்றலாகி வரும்போது ஸ்வெட்டரோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார்.

ஸ்டெல்லாவின் புருஷன் பூபதி அதில் வில்லாளி. ஸ்டெல்லா உருமாறும் மந்திரக்காரி. பெயர் முகிலி.

முகிலி மந்திரம் சொன்னால் கரடியாகிவிடுவாள்.

ஆட்டப் புத்தகத்தில் உள்ளபடி பார்த்தால் அது ரொம்ப சௌகரியம். கரடிக்குத் தனி உயிர். அது அடிபட்டுச் செத்தாலும் உள்ளே இருக்கும் மந்திரக்காரிக்கு ஒரு கீறல் விழாது. எழுந்து தூசி தட்டிக்கொண்டு மறுபடியும் கரடியாவாள். இமானுவேல் வாரமெல்லாம் யோசித்துக் கொண்டுவந்த பூதங்களை அந்தக் கரடி அரை மணியில் புரட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடும்.

பொறுத்துப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்துச் சொந்தமாக விதி எழுதினார்.

கரடியாகச் சண்டை போடும் ஒவ்வொரு தடவையும் பகடை உருட்ட வேண்டும். குறைவாக விழுந்தால் முகிலி தன்னைக் கொஞ்சம் மறப்பாள். மூன்றாம் தடவையும் மறந்தால் அப்புறம் கரடி கரடியேதான். காட்டுக்குள் போய்விடும்.

தப்ப ஒரே வழி. உருமாறுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக ஒரு ரகசியப் பெயரைச் சீட்டில் எழுதி யாரிடமாவது கொடுத்து வைத்திருக்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பி வருவாள்.

சீட்டு முதலில் பூபதியிடம்தான் இருந்தது. கரடிக்கு முள் குத்தினால்கூட அவன் பதறிக் கூப்பிட்டுவிடுவான். புருஷன் கையில் சீட்டு இருக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி வந்தது.

கதை நடத்துகிறவரும் வைத்துக்கொள்ள முடியாது. இன்றைக்கு வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஆள். பூபதியின் அம்மா ராமாயி.

மலையில் உள்ளே தள்ளியிருக்கும் பெரக்கரை நாட்டுக் கிராமத்திலிருந்து மிளகு விற்கச் சந்தைக்கு வந்தவள். சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மழைக்கு ஒதுங்கி மகனிடம் வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெந்த குச்சிக்கிழங்கைக் கை உரித்துக்கொண்டிருந்தது. காது மேசைப் பக்கம் இருந்தது.

ஸ்டெல்லா சீட்டை நீட்டினாள். ராமாயி வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

இப்போது கரடி போகிறது. வில்லாளியைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்ததால் வந்த வினை.

இமானுவேல் ஒரு கறுப்புப் பொத்தானை விரலால் மெல்ல நகர்த்தினார், காகிதக் காட்டின் ஓரத்துக்கு.

“அவளுக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல. கூட வந்தவன் மொகம் தெரியல. தான் யாருன்னு தெரியல. மழ வாசம் மட்டும் தெரியுது. அந்தப் பக்கமா நடக்கறா... ஒண்ணு.”

ராமாயி மடியைத் தடவினாள். வெற்றிலைப் பை வந்தது. மாத்திரை அட்டை வந்தது. சீட்டு வரவில்லை.

“ரெண்டு.”

பூபதி வாயைத் திறந்து, விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். பொத்தான் காகித விளிம்பைத் தொட்டிருந்தது.

ராமாயி கிழங்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எதிர்ச் சரிவில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரல் அது.

“ஏ ஸ்டெல்லா! இந்த மழயில எங்க சாமி போற? ஊட்டுக்கு வா!”

இமானுவேல் பொத்தானின் மேல் வைத்த விரலை எடுக்காமல் ஸ்டெல்லாவைப் பார்த்தார். சீட்டில் என்ன பெயர் எழுதினாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள்தான் சொல்ல வேண்டும், சரியா தப்பா என்று.

அந்தப் பெயர்தான் என்று ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

இத்தனை மாச ஆட்டத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அது.

பொத்தான் திரும்பி வந்து வில்லாளியின் பக்கத்தில் நின்றது. ராமாயி உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். உரித்த கிழங்கையே திரும்பவும் உரித்தாள். பூபதி ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு மாலையும் கழுத்துமாக அவர்கள் பெரக்கரை நாட்டு வீட்டின் முன்னால் போய் நின்று மூன்று வருஷமாகிறது. ஸ்டெல்லா என்கிறவள் இந்த ஊட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்ன ராமாயி, அதற்கப்புறம் அந்தப் பெயரை வாயில் எடுத்ததே இல்லை. சந்தை நாளில் வந்தாலும் பேச்செல்லாம் மகனோடுதான்.

மழை விட்டது. கீழே பஸ் ஹாரன் கேட்டது. ராமாயி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

“நேரமாச்சு. பொறப்படு கண்ணு,” என்றாள்.

மகனைப் பார்த்துச் சொல்லவில்லை.

பஸ்ஸில் பூபதி மூன்று டிக்கெட் வாங்கினான்.