வயலில் பதிந்த குரல்

மதியழகன் பல் துலக்குகிறான், பால் காய்ச்சுகிறான், பிறகு மடிக்கணினியைத் திறக்கிறான். திரைப்படக் கல்லூரி விண்ணப்பத்தோடு இன்று ஒரு குறும்படம் போயாக வேண்டும். "தேர்த் திருவிழாவை எவனும் எடுப்பான் மாப்ள, நீ எடுத்த வயல் மறியலையே அனுப்பு" என்கிறான் போனில் நண்பன் ஷாகுல். அந்தப் படத்துக்கு மைக் பிடித்தவள் மதியழகனின் மனைவி இளவரசி. படம் எடுத்த அன்று மாலையே பாம்புக்கடியில் இறந்துபோனாள்; எப்போது கடித்ததென்று யாருக்கும் தெரியவில்லை. திரையில், எரிவாயுக் குழாய் பதிக்க வந்த இயந்திரத்தை மறித்து, செருப்புகளை வரப்பில் கழற்றிவிட்டு ஊரே நெற்பயிருக்குள் நிற்கிறது. கதிர்களில் மஞ்சள் வெயில். இரைச்சலென்று படத்திலிருந்து வெட்டியெறிந்த ஒலியை இப்போதுதான் கேட்கிறான். கேமரா கொஞ்சமும் அசையவில்லை. அவள் குரல் மைக்குக்கு மிக அருகில் கேட்கிறது. "ஏங்க, கால்ல என்னமோ சுருக்குனுச்சு. ஒண்ணுமில்ல, நீங்க எடுங்க."