கோழி கேட்ட ரெண்டு ஸ்டேஷன்

இதுல ஒரு வார்த்தை பொய்யின்னாலும் இனி நான் திங்கிற சோத்துல உப்பே இல்லாமப் போகட்டும்.

ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல ஓடுற ஆத்தங்கரையில ஒரு டீக்கடை. அங்க ஒரு செவலைக் கோழியும் அதோட குஞ்சுங்களும். பலகை மேல ஒரு மரப்பொட்டி ரேடியோ. மழை கொட்டு கொட்டுன்னு கொட்டவும் கடைக்காரரு ரேடியோவக்கூட அமத்தாம ஓடிட்டாரு.

குஞ்சுங்களோட இங்கயே இருக்கறதா, பாலத்தத் தாண்டி அக்கரைக்கு ஓடறதான்னு கோழிக்கு ஒரே தவிப்பு.

"யோவ் ரேடியோ, வெள்ளம் எந்தப் பக்கம் வருதாம்?"

"நம்ம பக்கம் பயமே இல்ல நேயர்களே! வெள்ளமெல்லாம் அக்கரையிலதான். இப்போ ஒரு நகைக்கடை விளம்பரம்!"

கோழி நம்பல. பறந்து ஏறி, அலகால குமிழத் திருப்புச்சு. அக்கரை ஸ்டேஷன் வந்துச்சு.

"நம்ம பக்கம் பயமே இல்ல! வெள்ளமெல்லாம் எதிர்க்கரையிலதான். இப்போ ஒரு புடவைக்கடை விளம்பரம்!"

"பாஷைதான் வேற, புளுகு ஒரே புளுகு! எம்புள்ளைங்க முங்கப்போற நேரத்துல எனக்கெதுக்குய்யா புடவை?"

"ரெண்டு பேரு சொல்றதயும் அப்படியே சொல்றேன். நான் நடுநிலை," ன்னுச்சு ரேடியோ.

அதுக்குள்ள ரெண்டு கரையும் முங்கிருச்சு. ரேடியோ பாதிப் பாட்டுல தண்ணி குடிச்சு, ஊமையாகி, மிதக்க ஆரம்பிச்சுது. கோழி குஞ்சுங்கள அது முதுகுல ஏத்தி, தானும் தொத்திக்கிச்சு. மிதந்து மிதந்து ஒரு மேட்டுல போயி ஒதுங்குச்சுங்க.

"ஏம்மா, இது பேசவே மாட்டேங்குது?" ன்னுச்சு கடைக்குட்டி.

"எழுப்பி விட்டுறாதடா. வாய மூடின பிறகுதான் உருப்படியா ஒரு வேலை பாத்திருக்கு."

சரி, கதை கேட்டவங்க ஆளுக்கொரு வடை எடுத்து வைங்க. ஓசியில கேக்கறதுக்கு நான் என்ன ரேடியோவா?