ஒன்பதாவது வரிசை

"பேரு சிவப்புல இருந்தா வேலை போய் வீட்டுக்கு, பச்சையில இருந்தா இங்கேயே. நிர்வாகம்னா நிறம்தாம்மா. நான் கண்டுபிடிச்ச முறை," என்றார் மேலாளர், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. "சிவப்பு எத்தனைன்னு தானா எண்ணுற எக்செல் ஃபங்ஷன் எழுதியாச்சா? முதலாளி காத்திருக்கார்."

துறைத் தலைவர்கள் நிறம் தீட்டி அனுப்பிய எக்செல் பட்டியலை அவள் திறந்தாள். ஒன்பதாவது வரிசையில் அவள் பெயர், சிவப்பில். ஃபங்ஷன் ஐந்து என்று காட்டியது.

மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரிசையைப் பச்சையாக்கினாள். எண் அசையவில்லை. நிறத்தை மாற்றினால் ஃபங்ஷனுக்குத் தானாகத் தெரியாது. மறுபடி கணக்கிட வைக்க வேண்டும். அதற்கான பொத்தானைத் தட்டினாள். நான்கு.

"அஞ்சுன்னு இருந்துச்சே?"

"இப்பதான் சார் சரியா வந்திருக்கு. நீங்களே பாருங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் விரலை மேலிருந்து கீழே நகர்த்தினார். ஒன்பதாவது வரிசையில் விரல் நின்றது.

"நாலேதான். நானும் எண்ணிட்டேன். அனுப்பிடுங்க," என்று கம்பீரமாக நடந்தார்.

காலையில் அவர் உள்ளே வரும்போதே அவள் கவனித்திருந்தாள்: ஒரு காலில் சிவப்பு சாக்ஸ், மறுகாலில் பச்சை.