தொப்பியில் தைலம்

"இந்த வகுப்பிலையே நேர்மையான ஒரேயொரு ஆள் நீர்தான் ஐசே!" என்று சஜீவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார் தயாபரன் சேர். திடீரென்று கிடைத்த மரியாதையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சஜீவன் நெளிந்தான். அவன் அந்தப் பாடத்தில் பெயில்.

பெயில் என்றால் சும்மா பெயில் இல்லை. நெற்பயிரில் கபில நிறத் தத்தி விழுந்தால் என்ன செய்வீர் என்ற கேள்விக்கு, "நிறைய யூரியா போட வேண்டும்" என்று ஒரே வரியில் கதையை முடித்திருந்தான். அப்படிப் போட்டால் அந்தப் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம் என்பது விவசாயக் கல்லூரி வாசலில் கடலை விற்பவருக்கும் தெரியும்.

"விடை பிழைதான். ஆனா சொந்த விடை," என்றார் சேர், தொப்பியைச் சரிசெய்தபடி. வகுப்பறை என்றாலும் வயல் என்றாலும் அந்தத் தொப்பி அவர் தலையை விட்டு இறங்கி யாரும் கண்டதில்லை. "மற்றவை என்ன எழுதியிருக்கினம் எண்டு கேளும்."

விடைத்தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவி வாசித்தார். "தத்தி பயிரின் அடியில் இருக்கும். தண்ணீரை வடிய விட்டு, அடியில்தான் மருந்தடிக்க வேண்டும். நுனியில் அடிப்பது, தலையிடிக்குத் தொப்பியில் தைலம் தடவுவது போன்றது."

அடுத்த தாளை எடுத்தார். அதிலும் தொப்பி, அதிலும் தைலம். சஜீவனைத் தவிர வகுப்பு முழுவதும் தைலம் தடவியிருந்தது.

"நான் எப்பவாவது வகுப்பிலை தொப்பியைப் பற்றிக் கதைச்சனானோ?"

"இல்லை சேர்."

"தைலம்?"

"இல்லவே இல்லை சேர்."

"அப்ப ஆரோ எழுதிக் குடுக்க எல்லாரும் கொப்பி அடிச்சிருக்கினம்!"

டிங் என்றது சஜீவனின் பொக்கற். அவன் அவசரமாகக் கையால் பொத்தினான். "அம்மா சேர். செட்டிகுளத்திலையிருந்து." மறுபடியும் டிங், டிங்.

"அம்மாவுக்கு உம்மிலை நல்ல பாசம்," என்று சேர் உருகினார். பிறகு முகம் கறுத்தது. "பின்னேரம் அதிபரிட்டைச் சொல்லி எல்லாற்றை றிசல்ட்டையும் நிப்பாட்டப் போறன். அடுத்த வருசம் திரும்ப எழுதட்டும். உமக்கு மட்டும் திங்கக்கிழமை மேடையிலை ஒரு பாராட்டு."

கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் ஒரு வருடம் போகப் போகிறது, தனக்கு மாலை விழப் போகிறது. சஜீவனுக்கு நினைக்கவே வெட்கமாக இருந்தது.

"சேர், அவையள் கொப்பி அடிக்கேல்லை..."

"உம்மடை நல்ல மனம் அப்பிடிச் சொல்லுது," என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார் சேர். கதவில் காதை வைத்திருந்த வகுப்பு அப்படியே உள்ளே வந்து விழுந்தது. எல்லோருக்கும் அடியில் தேனுகா.

அவள் எழும்பிப் பாவாடையைத் தட்டிக்கொண்டு சொன்னாள். "கொப்பி இல்லை சேர். நாங்கள் டிக்டொக்கிலை படிச்சனாங்கள்."

"அதிலை ஆடுறவைதானே இருக்கினம்?"

"கோவிக்க மாட்டன் எண்டு முதல்லை சொல்லுங்கோ." சேர் பதில் சொல்வதற்குள் போனை நீட்டிவிட்டாள்.

முகத்துக்குத் துவாய் கட்டிய ஓர் உருவம். தலையில் சேரின் தொப்பியைப் போலவே ஒரு தொப்பி, தொண்டையில் சேரின் அதே கரகரப்பு. வாளிக்குள் நட்ட நெற்பயிருக்கு முன்னால் நின்று, இடைக்கிடை கீழே எதையோ பார்த்து வாசித்து, தொப்பியின் மேல் தைலத்தைப் பூசிக் காட்டியது. "விளங்குதோ பிள்ளையள்? விளங்காட்டி வாயைத் திறவுங்கோ. கொட்டாவிக்கு இல்லை!"

அது சேர் தினமும் சொல்லும் வசனம்.

"'தொப்பி சேர்' எண்ட பேரிலை ஆரோ போடினம்," என்றாள் தேனுகா மெல்ல. "ஆரெண்டு தெரியாது சேர். சிரிக்கத்தான் பாத்தனாங்கள். பாக்கப் பாக்கப் பாடமாயிட்டுது."

சேரின் மீசை துடித்தது. தோள் குலுங்கியது. அடுத்த கணம் அவர் வெடித்துச் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று மேசைக்குக் கீழே உருண்டது. பளபளவென்ற மொட்டைத் தலையை வகுப்பு முதன்முறையாகத் தரிசித்தது.

"ஒரு தவணை முழுக்க நான் கத்தினது ஏறேல்லை. இந்த மூதேவி ஒரு நிமிசத்திலை ஏத்திப்போட்டான்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "றிசல்ட் எல்லாம் அப்பிடியே இருக்கட்டும்."

வகுப்பு கூரை அதிரக் கத்தியது. தேனுகா பக்கத்தில் நின்றவளைக் கட்டிப்பிடித்துத் துள்ளினாள்.

சேர் தன் போனை எடுத்தார். "மகள்தான் டிக்டொக்கை ஏத்தித் தந்தவ," என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொல்லி, 'தொப்பி சேரை'த் தேடிப் பிடித்து லைக் போட்டார்.

டிங் என்றது சஜீவனின் பொக்கற்.

சேர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வீடியோவுக்குப் போய், அதற்கும் ஒரு லைக் போட்டார். டிங்.

"அம்மாவோ?" என்றார் சேர்.

சஜீவன் தலையைச் சொறிந்தான். முழு வகுப்பும் வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தது.

"அடேய், இவ்வளவு பேரும் உன்ரை வீடியோவைப் பாத்துப் பாஸ். படிப்பிச்ச நீ எப்பிடியடா பெயில்?"

"அவையள் வீடியோவைப் பாத்தவை சேர். நான் லைக்கைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."