இருபத்து மூன்று கண்ணாடிகள்

இருபத்து மூன்று.

மகள் மிருதுளா மறுபடியும் எண்ணினாள். கைக்குள் அடங்கும் வட்டக் கண்ணாடிகள். இருபத்து மூன்றேதான்.

கூடத்தில் மூன்று படி கொலு. போன வருடம் அவன் மனைவி வாங்கிவைத்தவை தரையில் பரந்து கிடந்தன. வளையல் எழுபத்திரண்டு. கிளிப் அறுபது.

அந்தக் கொலுவுக்கு முன்பே அவள் போய்விட்டாள்.

ஐந்து மணிக்குப் பெண்கள் வருவார்கள். எல்லாத் தாம்பூலப் பையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று மிருதுளா பிடிவாதமாக இருந்தாள். ஆறாம் வகுப்பு. மீப்பெரு பொதுக் காரணி இந்த மாதப் பாடம்.

"மீ.பொ.கா. ஒண்ணுப்பா. ஒரே பைதான் வருது!" தரையில் புரண்டு சிரித்தாள். "எழுபத்திரண்டு வளையலையும் ஒரே ஆன்ட்டி போட்டா கையத் தூக்க முடியுமா?"

அவனும் ஒருமுறை கண்ணாடிகளை எண்ணிப் பார்த்தான்.

"கீழ கடைல ஒரு கண்ணாடி வாங்கிட்டு வாங்கப்பா. ப்ளீஸ், ப்ளீஸ்."

செருப்பை மாட்டினான். கதவு வரை போனான்.

திரும்பி வந்து ஆபீஸ் பையைத் திறந்தான்.

ஆஸ்பத்திரியில் மனைவி முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டாள். கொலுச் சாமானிலிருந்து ஒன்றை எடுத்துப்போயிருந்தான். அதற்குப் பிறகு அது பையிலேயே இருந்தது.

சட்டை நுனியால் துடைத்து நீட்டினான்.

"இருபத்து நாலு!"

பென்சில் பறந்தது. அவள் எழுந்து குதித்தாள்.

"பன்னெண்டுப்பா! பைக்கு ஆறு வளையல், அஞ்சு கிளிப், ரெண்டு கண்ணாடி. எதுவுமே மிஞ்சல!"

சட்டென்று நின்றாள்.

"அப்பா. நம்ம பிளாக்ல நம்மள விட்டா எத்தன வீடு?"

அவன் விரல் விட்டு எண்ணினான். பாதியிலேயே தெரிந்துவிட்டது, பன்னிரண்டு.

"அம்மா கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருக்கா!"

அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். பைகளைப் பிரித்துப் பிடித்தான். அவள் போட்டாள். வளையல், கிளிப், கண்ணாடி. கண்ணாடி, வளையல். கைகள் இடித்துக்கொண்டன. அவனும் சிரித்தான்.

பன்னிரண்டு பைகள் வரிசையில் நின்றன.

அந்தக் கண்ணாடி எதில் போனது?

ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

அழைப்பு மணி.

ஒரு வருடமாக மணி அடித்தால் மகள்தான் போய்த் திறப்பாள்.

"நீ பையை எடு," என்று எழுந்தான்.




"வாங்க."