காத்தானுக்குப் புரியாத வரி

"அந்த நாற்காலி வேண்டாம்ப்பா. அது காத்தானோடது."

பேராசிரியர் ரெங்கராஜ் சொன்னதும் வீரமலை சூடு பட்டவனைப் போல எழுந்துவிட்டான். டாக்டர் பட்டம் வாங்கி, பெல்லோஷிப் கிடைத்து, திருச்சியில் அந்தக் கல்லூரியின் கணித ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தபின் அவனுக்கு அதுதான் முதல் செமினார். வந்ததும் வராததுமாக இப்படியா என்று அவனுக்குக் கூசிப் போயிற்று.

கூட்டம் கலைந்து டீ குடிக்கும்போது விரிவுரையாளர் முஜிபுர் ரஹ்மான் விஷயத்தைச் சொன்னார். "உங்களுக்கு முன்னாடி பெல்லோவா இருந்தவருங்க காத்தான். சாருக்குப் பேர் வாங்கிக் குடுத்த தேற்றத்துல ஒரு வரி அவருக்குக் கடைசி வரைக்கும் பிடிபடலை. சீனாக்காரன் சண்டைக்கு வந்த வருஷம் கொள்ளிடம் பாலத்துலேருந்து குதிச்சிட்டாரு."

"ஒரு வரி புரியலைன்னா?"

"பெல்லோஷிப்பை நீட்டிக்கலைங்க. புத்தி போதாதுன்னு சார் எழுதவேண்டியதாப் போச்சு. அவரும் என்ன பண்ணுவாரு, உள்ளதைத்தானே எழுத முடியும்? ஆனா பெத்த புள்ளையைப் பறிகொடுத்த மாதிரி ஆயிட்டாரு. அன்னையிலேருந்து அந்தத் தேற்றத்தை போர்டுல எழுதினதே இல்லை."

இப்படியும் ஒரு குருவா என்று வீரமலை உருகிப் போனான். உருகுவதில் அவன் கொஞ்சம் தாராளம்தான்.

காலம் ஓடியது. அவனுடைய பெல்லோஷிப்பும் மார்ச்சோடு முடிவதாக இருந்தது. சார் ஒரு வார்த்தை நல்லபடியாக எழுதினால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பழையபடி தொட்டியத்தில் டுட்டோரியல் வாத்தியார் வேலை, அதுவும் கிடைத்தால். மனைவி அமிர்தம் வேறு மாசமாக இருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. காத்தானுக்குப் புரியாத அந்த வரியை, யாருக்கும் புரிகிற மாதிரி விளக்கி ஒரு செமினார் கொடுத்தால் என்ன? சாரின் மனசு குளிரும். அதில் பாசமும் இருந்தது, கொஞ்சம் காரியமும் இருந்தது. வயிற்றுப்பாடு இருக்கிறவனுக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அச்சான கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். 'இதிலிருந்து அடுத்தது தெளிவு' என்று இருந்தது அந்த வரி. எத்தனை தரம் படித்தும் அவனுக்குத் தெளியவில்லை. எந்தப் பக்கம் முட்டினாலும் சுவராக இருந்தது.

"ஏங்க, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டாள் அமிர்தம்.

"எனக்கும் புத்தி போதலை போலிருக்கு."

ஒருநாள் சாயங்காலம் கால் போன போக்கில் நடந்தவன் கொள்ளிடம் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான். கீழே வெள்ளம் சுழித்துக்கொண்டு போயிற்று. வண்டிக்காரர் ஒருவர், "யாருய்யா அது, தள்ளி நில்லு!" என்று அதட்டியபோதுதான் கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்திருப்பது அவனுக்கே தெரிந்தது. நடுங்கிப் போய் வீடு திரும்பினான்.

மறுநாள் வரியைப் புரிந்துகொள்ளப் பார்ப்பதை விட்டுவிட்டு, மிகச் சாதாரணமான ஓர் உதாரணத்தை அதில் போட்டுப் பார்த்தான். தேற்றம் சரியென்றால் விடை பூஜ்யமாக வரவேண்டும். ஒன்று வந்தது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான், அப்போதும் ஒன்றுதான் வந்தது.

தப்பு அவனுடையதில்லை. தேற்றமே தப்பு.

சந்தோஷத்தைவிட அவனுக்குத் துக்கம்தான் பொங்கியது. இல்லாத அர்த்தத்தைத் தேடித் தேடியா அந்த மனுஷன் ஆற்றில் விழுந்தான்? இது தெரிந்தால் சார் எப்படித் தாங்குவார்?

செமினாரில் நாலு பேர் முன்னால் போட்டு உடைக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, சித்திரை வீதியில் இருந்த அவர் வீட்டுக்கே போய்விட்டான்.

"வா வீரமலை, உட்காரு. காபி சாப்பிடுறியா?"

"இருக்கட்டும் சார். ஒரு சின்ன சந்தேகம்."

கூடத்துச் சுவரில் இருந்த போர்டில் எழுத ஆரம்பித்தான். சாக்பீஸ் இரண்டு தரம் முறிந்தது. முடிவில் அந்த ஒன்றை எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்மேலயும் தப்பு இருக்கலாம் சார். ஆனா எப்படிப் போட்டாலும் இதான் வருது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, காத்தானுக்குப் புத்தி போதலைங்கற பேராவது போயிடும் சார். பாவம், செத்த மனுஷன்."

பேராசிரியர் கோபப்படவில்லை. கணக்கைச் சரிபார்க்கவும் இல்லை. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து, ஈரத் துணியால் போர்டை மூலை முடுக்கெல்லாம் விடாமல் துடைத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை சார். நேரா உங்ககிட்டத்தான் வரேன்."

"வீட்டுல?"

"அவளுக்கு இதெல்லாம் தெரியாது சார்."

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டார்.

"உனக்கு மார்ச்சோட முடியுது, இல்ல?"

"ஆமா சார்."

அவர் வீரமலையின் தோளில் கை வைத்தார். குரலில் அதே பழைய வாஞ்சை.

"காத்தானும் இதே கணக்கோட நேரா எங்கிட்டத்தான் வந்தான்."